பொட்டு வைத்த விசை

போன கிழமை என் பிரியாவிடைக் கேக்கை வெட்டி முடித்ததும், கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைக் கூப்பிட்டு மேசையில் இரண்டு விசைகளை வைத்தேன். துவக்கில், அதாவது துப்பாக்கியில், சுடும்போது விரல் இழுக்கிற பாகம். நீங்கள் ட்ரிகர் என்பீர்கள். ஒன்று திருத்தும் அறையில் சும்மா கிடந்த, கறுத்துத் தேய்ந்த பழையது. மற்றது பளபளவென்று புதியது, அதன் இடுக்கில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. "இதில எது நல்லது?" என்று கேட்டேன். எல்லாரும் புதியதைக் காட்டினீர்கள். ஒருவர் மட்டும் அந்தச் சிவப்பு துருவா என்று கேட்டார். துரு இல்லை, குங்குமம்.

அன்றைக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை, எல்லாரும் கேக்கில் மும்முரமாக இருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியும் என்று நேர்முகத்தில் முதலாளியிடம் சொல்லித்தான் வேலை எடுத்தீர்கள். இதை அதற்கான சோதனை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பரமட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் துவக்குக் கடைக்கு நான் கணக்குப் பார்க்க வந்தவள், துவக்கு விற்க அல்ல. மெரிலேண்ட்ஸில் வீடு, ஒரே பஸ், பகுதி நேர வேலை, சனிக்கிழமை லீவு என்றார்கள். லீவு என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் என் காதில் ஏறவில்லை. முதல் நாள் உள்ளே வந்து சுவரைப் பார்த்த பிறகுதான் என்ன கடை என்று விளங்கியது. யாழ்ப்பாணத்தில் வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தவள், சிட்னியில் வந்து துவக்குகளுக்கு நடுவே கதிரை போட்டு உட்கார்ந்தேன். கோயிலில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால் விளையாட்டுச் சாமான் கடை என்பேன். அது பொய்யில்லை, பாதிப் பேருடைய துவக்கு லைசென்ஸில் காரணம் விளையாட்டு என்றுதான் இருக்கிறது.

விற்பனைக்கு இருந்தவர் திடீரென்று வேலையை விட்டபோது முதலாளி என்னைப் பார்த்தார். அவரை உங்களுக்குத் தெரியும். துவக்குத் திருத்தும் அனுமதியுள்ள வயதான வெள்ளைக்காரர், ஒரு வசனம் பேசினால் பிறகு தேத்தண்ணீர் குடித்து இளைப்பாறுகிற மனுஷர். இரண்டு ரைபிள்களின் பெயர்களை ஒட்டுநாடாவால் மறைத்துவிட்டு, கண்ணை மூடச் சொன்னார். குண்டு போடும் இடத்தை அடைக்கிற போல்ட்டைத் திறந்து மூடிப் பார்த்து, எது விலை கூட என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். பிழை. நான் காட்டியது பாதி விலைக்காரன். "நல்லது, உன் கைக்கு விலை தெரியவில்லை, அதைக் கெடுத்துக்கொள்ளாதே" என்றார். அதோடு என் பயிற்சி முடிந்தது.

மிச்சத்தை வாடிக்கையாளர்கள் கற்பித்தார்கள். ஒருவர் கடையிலேயே விலை கூடின தொலைநோக்குக் கண்ணாடியை வாங்கினார். அதை ரைபிளோடு பிணைக்கிற வளையங்களை மட்டும் இருப்பதிலேயே மலிவாக எடுத்தார். குண்டு கண்ட இடத்துக்குப் போகிறது, கண்ணாடி சரியில்லை என்று திரும்பத் திரும்ப வந்து சண்டை பிடித்தார். கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது, வளையம்தான் ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் சனமும் கார் வாங்கும்போது அப்படித்தான். தோல் இருக்கைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, டயருக்குத் தள்ளுபடி கேட்பார்கள்.

இனி கோமதி.

கோமதி திருநெல்வேலிக்காரி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். கூட வேலை செய்பவர்கள் ஒருநாள் பொழுதுபோக்குக்கு ரைபிள் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே குப்புறப் படுத்தபடி தூரத்து இலக்கைச் சுடுகிற போட்டி அவளைப் பிடித்துக்கொண்டது. ஏன் என்று கேட்டேன். "அங்க படுத்துட்டா யாரும் கூப்பிட மாட்டாங்கக்கா. பெல்லு அடிக்காது, போன் கெடையாது. நானும் அந்தக் கறுப்பு வட்டமும் மட்டும்தான்" என்றாள். கொஞ்ச நாளில் கிளப்பிலேயே நல்ல சூட்டாளர்களில் ஒருத்தியாகிவிட்டாள். மாநில அணித் தெரிவுக்குப் போகலாம், ஆனால் சொந்தமாக ஒரு ரைபிள் வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். அதை வாங்கத்தான் வந்தாள், கணவன் ரகுவோடு.

ரகு மென்பொருள் வேலை, நார்த்மீட்டில் சொந்த வீடு. நல்ல மனுஷன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக உங்களுக்கு அந்த எண்ணம் வராது.

வந்ததும் மடிக்கணினியை என் மேசையில் திறந்து வைத்தான். கடையிலிருந்த எல்லா ரைபிளுக்கும் மார்க் போட்டிருந்தான்.

"வெயிட்டேஜ் போட்டுத்தான் கம்பேர் பண்ணிருக்கேன் ஆன்ட்டி. பேரல் முப்பது பர்சன்ட், ட்ரிகர் இருபது, ரீசேல் பதினஞ்சு, ஆன்லைன் ரிவ்யூ பத்து..."

"சுடுற ஆளுக்கு எத்தினை தம்பி?"

கணினியைப் பார்த்தான். "அதுக்கு ஷீட்ல கட்டம் இல்ல ஆன்ட்டி."

அவனுடைய பட்டியலில் முதலாவதாக வந்தது ஒரு புத்தம் புது ஜெர்மன் ரைபிள். எடுத்து வந்தேன். ரகு கையை நீட்டினான். நான் அவனைத் தாண்டிக் கோமதியிடம் கொடுத்தேன். "லைசென்ஸ் ஆருக்கோ அவவின்ர கையிலதான் குடுப்பன் தம்பி, குறை நினைக்காதேங்கோ" என்றேன். குறை நினைத்தான், அது முகத்தில் தெரிந்தது.

பாயை விரித்துக் கோமதியைப் படுக்கச் சொன்னேன். அவள் சின்ன உருவம். அந்தத் துவக்கில் தோளோடு அணைக்கிற கட்டை அவளுக்கு நீளம். கன்னம் பதியவில்லை, கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்றாள், அவனைப் பார்த்து. நான் உள்ளே போய் ஒரு பழைய ரைபிளை எடுத்து வந்தேன். உயரம் குறைந்த ஒரு மனுஷர் வைத்திருந்து, தோள் வலியால் விற்றது. வெளிப் பூச்சு தேய்ந்திருந்தது, குழலின் உட்புறம் கண்ணாடி மாதிரி இருந்தது. கோமதி கன்னத்தை வைத்தாள். மூச்சை விட்டாள். பிறகு எழும்பவே இல்லை. ரகு கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள்.

"செகண்ட் ஹேண்டா?" என்றான். விலைத் துண்டைத் திருப்பிப் பார்த்து இன்னும் கலங்கினான். "இவ்ளோ கம்மியா இருந்தா ஏதோ பிரச்சனை இருக்கணுமே ஆன்ட்டி."

"வெளியால பாத்தா உங்களுக்குப் பிரச்சனைதான். குழலுக்கு உள்ளுக்குப் பாருங்கோ."

பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் தலையை ஆட்டினான். அப்போதுதான் கோமதி அந்த நாளில் முதல் தடவையாகத் தானாகப் பேசினாள். "எனக்கு இதுதாங்க வேணும்." மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் ரகு கணினியை மூடிவிட்டான். பொலிஸ் அனுமதித் தாள் வந்த பிறகு அவள் அந்தத் துவக்கை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

பிறகு நவராத்திரி முடிந்த கையோடு ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த நாள் மாநில அணித் தெரிவு. முதலாளி மகளின் பிரசவத்துக்காகப் பேர்த் போயிருந்தார், கடையில் பொறுப்பு நான். துவக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கோமதி வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பையும் மாற்றவில்லை. பின்னால் ரகு.

"அக்கா, துப்பாக்கி கெட்டுப் போச்சுக்கா. நேத்து பிராக்டிஸ்ல போல்ட்ட மூடுறேன், இன்னும் விரலே வைக்கல. அதுவா வெடிச்சிருச்சு."

"ஆருக்கும் பட்டதோ?"

"இல்லக்கா. நேரா டார்கெட்ட பாத்துதான் வச்சிருந்தேன். மண்ணுல போயிருச்சு." பையைத் திறந்து மேசையில் வைத்தாள்.

"நான் அப்பவே சொன்னேன் ஆன்ட்டி, செகண்ட் ஹேண்ட் வேண்டாம்னு" என்றான் ரகு.

குண்டு இல்லை என்று பார்த்து, திரும்பவும் பார்த்து, போல்ட்டை மூடினேன். விசையைத் தொடாமல் கட்டையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். உள்ளே 'டக்' என்றது. குண்டு இருந்திருந்தால் வெடித்திருக்கும். திரும்பவும் தட்டினேன். டக்.

போல்ட்டைத் திறந்து கையை எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற சின்ன ஒழுங்கையில் ஒருநாள் ஒருவன் மதிலில் துவக்கைச் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். துவக்கு சரிந்து விழுந்து வெடித்தது. முன்வீட்டு ஆசிரியர் செத்துப்போனார். யார் சுட்டது என்று அவருடைய மனைவி கேட்டுக்கொண்டே இருந்தா. ஒருவரும் சுடவில்லை. அதை அவவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டு வாசல் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

டோர்ச்சை அடித்து விசைப் பக்கம் பார்த்தேன். நான் விற்ற துவக்கில் இருந்தது கறுத்த பழைய விசை. இதில் இருந்தது பளபளவென்று வேறொன்று. அதன் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் குங்குமம்.

"இதை ஆர் திறந்தது?"

கோமதி குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயத்தைப் புரிந்துகொண்டு, ஆளுக்கொரு விலைப் புத்தகத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினார்கள்.

ரகு சொன்னது இதுதான். ஆயுத பூஜைக்குக் காருக்குப் பொட்டு வைத்தான், கணினிக்கு வைத்தான், ஸ்க்ரூ முடுக்கும் திருப்புளிக்கும் வைத்தான். வீட்டிலே உண்மையாகவே ஓர் ஆயுதம் இருக்க, அதை விட்டுவிட்டுக் கணினிக்குப் பூஜை செய்வது அவனுக்குச் சரியாகப் படவில்லை. கோமதி வேலையில். துவக்குப் பெட்டியின் சாவியை அவள் பெருங்காய டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

"சமைக்கிறது நாந்தான ஆன்ட்டி" என்றான்.

வெளியே எடுத்தவன் பொட்டோடு விட்டிருக்கலாம். தெரிவு வருகிறதே, அவளுக்கு ஒரு பரிசு என்று முன்பே இணையத்தில் இந்த விசையை வாங்கி வைத்திருந்தான். நாலரை நட்சத்திரம். வீடியோ பார்த்துத் தானே மாட்டினான். புதுச் சாமான் என்பதால் முதல் பொட்டை அதற்கு வைத்தான்.

"நான் கேட்டேனா?" என்றாள் கோமதி.

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்..."

"ஐசியூல நான் ஒரு ட்ரிப்ப செட் பண்ணி வைக்கிறேன். இன்னொருத்தர் வந்து அதுல கைய வச்சுட்டு எங்கிட்ட சொல்லாமப் போனா என்ன ஆகும் தெரியுமா? மண்ணுல போச்சு, சரி. பக்கத்துல படுத்திருந்த ஆள் மேல போயிருந்தா? சுட்டது நான்னுதான எழுதுவாங்க?" குரல் உடைந்தது. "என் கை போதாதுன்னு நெனச்சிட்டீங்க. அவ்ளோதான்."

ரகுவின் கண் சிவந்துவிட்டது. "நீ ஜெயிக்கணும்னு நெனச்சேன்டி. வேற ஒண்ணும் நெனைக்கல" என்றான். அவன் சொன்னது உண்மை. எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, ஒரு தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கவும் தோன்றியது.

பழைய விசை எங்கே என்று கேட்டேன். காரில் இருந்து எடுத்து வந்தான். சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, 'ஒரிஜினல்' என்று எழுதி ஒட்டியிருந்தான். மென்பொருள்காரர்களிடம் இந்த ஒரு பழக்கம் நல்லது, பழையதை எறிய மாட்டார்கள். ஆனால் அதைத் திரும்ப மாட்டும் அனுமதி கடையில் முதலாளிக்கு மட்டும்தான், அவரோ பேர்த்தில். "நானே மறுபடி மாட்டிடட்டுமா?" என்றான் ரகு. நான் அவனைப் பார்த்தேன். ஓர் அடி பின்னால் போனான்.

அடுத்ததாக வங்கி அட்டையை மேசையில் வைத்தான். அந்த ஜெர்மன் ரைபிளை இப்போதே எடுக்கிறோம், விலை பரவாயில்லை என்றான். கடைக்கு அது நல்ல வியாபாரம். ஒவ்வொரு துவக்குக்கும் தனி அனுமதி வேண்டும், காசு கொடுத்து அதை முந்த முடியாது என்று சொல்லி அட்டையை அவன் பக்கம் தள்ளினேன்.

பிறகு கோமதி கேட்டாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் மட்டும். அது எப்படி நடந்துக்கும்னு இப்ப எனக்குத் தெரியும்ல? மெதுவா மூடுறேன். எத்தனை ஷிப்ட் மாத்தி இந்த லீவு வாங்கிருக்கேன் தெரியுமா? இத விட்டா அடுத்த வருஷம்தான். எனக்குன்னு இது ஒண்ணுதான்க்கா இருக்கு."

"தரமாட்டன் பிள்ளை."

"இது என் துப்பாக்கிக்கா."

"ஓம், உம்மடைதான். சரியாக்கினாப் பிறகு தாறன். இப்பத் தரமாட்டன்."

இரும்பு அறைக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை என் கைப்பைக்குள் போட்டேன். கோமதி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகளே, நீங்கள் இந்த மேசையில் நிற்கும்போது ஒருநாள் உங்களுக்கும் இது வரும். நியாயமான ஆள், உண்மையான அவசரம், தன்னுடைய சாமானைத்தான் கேட்கிறார். அந்த நேரம் இல்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்த ஆளை அப்படியே விட்டுவிடாதீர்கள். நான் யோசித்தேன். முதலாளி சொன்ன மாதிரிக் கண்ணை மூடி யோசித்தேன். பிறகு கேட்டேன்.

"கோமதி, படுத்திருக்கேக்க அந்தத் துவக்கில உம்மட கைக்குப் பழகினது எது?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "வாருக்கா. கையில சுத்திக்கிற தோல் வார். அப்புறம் பின்னாடி கண்ண வச்சுப் பாக்குற சைட்டு."

"அது ரெண்டும் கழரும்."

கழற்றினேன். கிளப் செயலாளருக்குப் போன் பண்ணினேன். புதிதாக வருகிறவர்களுக்கு இரவல் கொடுக்கிற, நீளம் குறைந்த ரைபிள் ஒன்று இருக்கிறது, கட்டையில் வெடிப்பு, நாடா சுற்றியிருக்கிறது, ஆனால் போன மாதம்தான் பரிசோதித்தது என்றார். அவளுக்கென்று ஒதுக்கி வைக்கச் சொன்னேன். கோமதி அந்த வாரையும் சைட்டையும் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். ரகு வாரைப் பார்த்து, அதன் விலை என்ன என்று கேட்டான். சொன்னேன். கடையில் அதைவிட மலிவாக இருப்பது காது அடைப்பான் மட்டும்தான். "இதுக்கும் நான் கட்டம் போடல" என்றான். கோமதி சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

போகும்போது இருவரையும் வாசலில் நிறுத்தினேன். லைசென்ஸ் இல்லாதவர் சாவியை எடுத்தது குற்றம், கோமதியின் லைசென்ஸே போகலாம், நீங்களாகப் பொலிஸுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள் என்றேன். ரகுவின் முகம் வெளுத்தது. கோமதி "நானே சொல்றேன்க்கா" என்றாள்.

சனிக்கிழமை எனக்கு லீவு. இவ்வளவு காலமும் ஆசையாகக் காத்திருந்த லீவு. புட்டு அவிக்கப் போட்டுவிட்டு மறந்தேன், தண்ணீர் வற்றிப் பானை கருகியது. நான் மறித்ததால்தான் அவள் தோற்றாள் என்று வந்தால் என்ன செய்வது என்று குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பயமாகத்தான் இருந்தது. பின்னேரம் போன் அடித்தது.

"அக்கா, ரிசர்வ்."

அணியில் இடம் இல்லை, யாராவது வர முடியாவிட்டால் கூப்பிடுவார்கள். "குறை நினைக்காதையும் பிள்ளை" என்றேன்.

"அட, இல்லக்கா." சிரிப்பது கேட்டது. "அந்தத் துப்பாக்கி ரொம்ப மோசம். கட்டை குத்துது, நாடா ஒட்டுது. ஆனா நான் சொல்லாம ஒரு குண்டு கூட வெளிய போகலக்கா. ஒண்ணு கூட."

போனை வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

முதலாளி வந்து புது விசையைக் கழற்றி ரகுவிடம் கொடுத்துவிட்டு, பழையதை மாட்டித் தட்டிப் பார்த்தார். சத்தமில்லை. துவக்கை எடுத்துப்போகக் கோமதி வந்த நாளில் ரகுவும் வந்தான், கையில் அந்தப் பளபளப்பான விசை. இணையக் கடைக்காரன் திருப்பி எடுக்க மறுத்துவிட்டானாம். அடையாளம் தெரியாத மஞ்சள், சிவப்புப் பொருள் பூசப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தானாம். "நீங்க எடுத்துக்குவீங்களா ஆன்ட்டி?"

"பொட்டு வைச்ச சாமானை நாங்களும் திருப்பி எடுக்கிறேல்லைத் தம்பி. எண்டாலும் தாங்கோ, புதுசா வாற பிள்ளையளுக்குக் காட்டலாம்."

முதலாளி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மிக நல்ல விசை, வேறொரு ரைபிளுக்கு" என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார். போன கிழமை நீங்கள் சொன்ன பதில் பிழை என்று நான் சொல்லவில்லை. எந்தத் துவக்குக்கு, ஆர் சுடுகிறது என்று உங்களில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கோமதி துவக்கை எடுக்க வந்த அன்றைக்கு நான் அவளிடம் ஒன்று கேட்டேன். துவக்கை ஒப்படைக்கும்போது கேட்டே ஆக வேண்டும். "பெட்டிச் சாவி இப்ப எங்க?"

அவள் கழுத்துக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். இரண்டு சட்டை ஊசிகளுக்குப் பக்கத்தில் சாவி தொங்கியது. பரிசோதனைக்கு வந்து எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போன பொலிஸ்காரரும் இதைத்தான் கேட்டாராம், அவருக்கும் இப்படித்தான் இழுத்துக் காட்டினாளாம்.

"கட்டினது நான்தான் ஆன்ட்டி" என்றான் ரகு. "இப்ப அதுல கை வைக்க எனக்கு லைசென்ஸ் வேணுமாம்."

கோமதி சிரிக்கவில்லை. சாவியை உள்ளே விட்டுக்கொண்டு, துவக்குப் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ரகு ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தான்.